கின்னிக் ஸ்டேடியம் சீசன் டிக்கெட்: இந்த வருஷமாவது பந்து காற்றில் பறக்குமா?

சிகாகோவில் இருக்கும் ஒரு தம்பி, முன்பு என்னோடு வேலை பார்த்தவன், போனில் கேட்டான்: "அண்ணே, உங்க ஊரு டீம் மேட்சுக்கு இந்த வருஷம் காசு குடுத்து வரலாமா? இல்ல, இன்னமும் பந்தை எதிராளிக்கே உதைச்சு விட்டுட்டுத்தான் இருக்காங்களா?" கேள்வியில் இருந்த நக்கல் நியாயமானதுதான். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதினால், அயோவா பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

ஆக, இது அயோவா சிட்டி கின்னிக் ஸ்டேடியத்தில் ஹாக்ஐஸ் ஆடும் ஆட்டங்களுக்கான சீசன் டிக்கெட்டைப் பற்றிய மதிப்புரை. ஹாக்ஐஸ் என்பது அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி. நான் பக்கத்து ஊரான கோரல்வில்லில் குடியிருக்கிறேன். 2025 சீசன் தொடங்கும் முன் இதை எழுதுகிறேன். அந்த வருஷத்துக்கும் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டேன். மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. 2023 முடிவில் கேட்டிருந்தால் இரண்டு சொல்லியிருப்பேன். அந்த இரண்டும் எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸுக்கும் பன்ட் உதைக்கும் பையனுக்கும் போயிருக்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு பத்தி. பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு. மூன்று வாய்ப்பும் வீணாகி, நான்காவதில் துணிய மனமில்லை என்றால் பந்தை முடிந்தவரை தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அதுதான் பன்ட். எதிரணியின் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதன்மேல் ஓர் உதைக்கு 1. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3. பந்து வைத்திருப்பவனை அவனுடைய கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கிப் பிடித்தால் சேஃப்டி, பிடித்த அணிக்கு 2. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைப் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிக் கொடுப்பார். அயோவாக்காரர்களுக்கு அதில் அலுப்பே கிடையாது.

இப்போது பழைய கதை. அது தெரியாமல் இந்த ஊர்க்காரர்களின் ஆசை எவ்வளவு சின்னது என்று புரியாது.

2022 செப்டம்பர் 3 அன்று சவுத் டகோட்டா ஸ்டேட் அணி கின்னிக்குக்கு வந்தது. ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடும் அணி. அயோவா 7-3 என்று ஜெயித்தது. 7 என்றால் ஒரு டச் டவுன், ஓர் உதை என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஒரு ஃபீல்ட் கோல், இரண்டு சேஃப்டி. அதாவது 7-ல் 4 புள்ளியை எடுத்தது டிஃபென்ஸ். பந்தோடு முன்னேறிப் புள்ளி எடுக்க வேண்டிய ஆஃபென்ஸ் முழு ஆட்டத்திலும் கோட்டைத் தாண்டவே இல்லை. மெஸ்ஸில் ரசம் பிரமாதம், கூட்டு பிரமாதம், அப்பளம் மொறுமொறுவென்று இருக்கிறது, சோறு மட்டும் வேகவில்லை என்றால் எப்படி இருக்கும்? அயோவா வருஷக்கணக்காகப் போட்ட சாப்பாடு அதுதான். நாங்களும் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999 முதல் அதே நாற்காலியில் இருக்கிறார். ஆஃபென்ஸுக்குத் திட்டம் வகுக்கும் கோஆர்டினேட்டராக இருந்தவர் அவருடைய மகன் பிரையன் ஃபெரன்ட்ஸ். நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 2022-ல் ஆட்டத்துக்குச் சராசரி 18 புள்ளியைக்கூடத் தொடாமல் போன பிறகு, 2023 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தியது. சம்பளத்தில் 50,000 டாலரைக் குறைத்து 8,50,000 ஆக்கினார்கள். ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளியும், வருஷத்துக்கு 7 வெற்றியும் வந்தால் வேலை நிலைக்கும். 13 ஆட்டத்துக்கு 25 வீதம் 325. அந்த எண் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்னும் எத்தனை பாக்கி என்று ஊரே விரல் விட்டு எண்ணியது. டிஃபென்ஸ் போடும் புள்ளியும் கணக்கில் சேரும் என்பது இதில் கூடுதல் வேடிக்கை. மகனுடைய வேலைக்கு மற்ற பையன்களும் சேர்ந்து உழைக்கலாம்.

முடிவில் 14 ஆட்டங்களில் 216 புள்ளி. சராசரி 15.4. ஆஃபென்ஸ் முன்னேறிய யார்டு கணக்கில் மேல் பிரிவு அணிகள் அத்தனையிலும் கடைசி இடம். சீசன் நடுவிலேயே, அக்டோபர் 30 அன்று, இடைக்கால விளையாட்டு இயக்குநராக இருந்த பெத் கோட்ஸ், சீசனுக்குப் பிறகு பிரையன் இருக்கமாட்டார் என்று அறிவித்துவிட்டார். ஆனால் பாருங்கள், அதே வருஷம் அயோவா 10 ஆட்டம் ஜெயித்தது! நாங்கள் ஆடும் பிக் டென் லீகின் மேற்குப் பிரிவில் முதலிடம்! பிறகு இறுதிப் போட்டியில் மிச்சிகனிடம் 26-0. சீசன் முடிந்தபின் ஆடும் சிட்ரஸ் பவுல் ஆட்டத்தில் டென்னசியிடம் 35-0. கடைசி இரண்டு ஆட்டத்திலும் நம் பக்கம் முட்டை.

அந்த வருஷத்தின் நாயகன் பன்ட் உதைக்கும் டோரி டெய்லர், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன்காரர். ஒரே சீசனில் 4,479 யார்டு உதைத்து 1938 முதல் நின்றிருந்த சாதனையை முறியடித்தார். சிறந்த பன்ட்டருக்கான ரே கை விருதும் அவருக்குத்தான். "பன்ட் அடித்தாலே வெற்றி" என்று டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் மைதானத்துக்குள் ஓடிவரும்போது எழுந்து நின்று கைதட்டியது ஸ்டேடியம். நானும் தட்டினேன். சொந்த அணி தோற்றுப்போய்ப் பந்தைக் கொடுக்கிற நேரத்தில் இத்தனை சந்தோஷமாகக் கைதட்டும் கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

2024 ஜனவரியில் டிம் லெஸ்டர் புது கோஆர்டினேட்டராக வந்தார். வெஸ்டர்ன் மிச்சிகனில் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசி ஆஃபென்ஸை நடத்துபவராக ஆடியவர். 2017 முதல் 2022 வரை அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். அங்கே வேலை போனபின் ஒரு வருஷம் தொழில்முறை லீகில் ஆடும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் பகுப்பாய்வாளராக இருந்தார். பெயர் வெளியானபோது என் அலுவலகத்தில் ஒருவரும் துள்ளிக் குதிக்கவில்லை. "யாரு இவரு?" என்பதுதான் பொதுவான முகபாவம். என் மகன்தான் முதலில் சரியாகச் சொன்னான்: "அப்பா, இவரு யாருன்றது முக்கியமில்ல. எங்கேர்ந்து வர்றாரு பாருங்க. பேக்கர்ஸ்ல இருந்து." பையனுக்கு வயது பன்னிரண்டு. பள்ளிப் பாடத்தைத் தவிர எல்லாம் தெரியும்.

அவன் சொன்னதன் அர்த்தம் முதல் ஆட்டத்திலேயே கண்ணில் பட்டது. பந்தை எடுக்கும் முன்பே ஆட்கள் நகர்ந்தார்கள். முன்பெல்லாம் அயோவா ஆஃபென்ஸ் வரிசையாக வந்து நிற்கும், பந்து போகும், மோதும், விழும். எதிர் டிஃபென்ஸ் நிதானமாக எண்ணிப் பார்த்துத் தயாராகிவிடலாம். லெஸ்டரின் ஆட்டத்தில் ஓரத்தில் நின்று பந்தைப் பிடிக்கும் ரிசீவர் குறுக்கே ஓடிவருவார், முட்டவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் இடம் மாறுவார். அதைப் பார்த்து எதிரணியில் இரண்டு பேர் நகர்ந்தாக வேண்டும். நகர்ந்தால் அவர்கள் என்ன திட்டத்தில் இருக்கிறார்கள் என்று குவாட்டர்பேக்குக்குத் தெரிந்துவிடும். நகராவிட்டால் அந்தப் பக்கம் ஆள் குறைவு. இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, தொழில்முறை லீகில் பாதி அணிகள் செய்வதுதான். ஆனால் அயோவா சிட்டியில் அன்று அதைப் பார்த்து எனக்குப் பின் வரிசை மாணவர்கள் விசில் அடித்தார்கள். நகர்ந்ததற்கே விசில்!

அடுத்தது ஓட்டம். அகல ஸோன் என்று சொல்லப்படும் முறை. முன்வரிசையில் நிற்கும் ஐந்து பெரிய பையன்களும் நேராக முட்டாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நகர்வார்கள். டிஃபென்ஸும் கூடவே இழுபட்டு வரும். எங்கோ ஓர் இடத்தில் விரிசல் விடும். பின்னால் பந்தோடு வரும் ரன்னிங் பேக் அவசரப்படாமல் அதைப் பார்த்து, ஒரே ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, நேராக மேலே ஓடவேண்டும். இரண்டு முறை வெட்டினால் கதை முடிந்தது. அயோவா இந்த ஓட்டத்துக்குப் புதிது இல்லை. ஃபெரன்ட்ஸின் அணிகள் காலங்காலமாக ஓடியதுதான். லெஸ்டர் செய்தது, அதைச் சுற்றி இந்த நகர்வுகளையும் ஏமாற்றுகளையும் அடுக்கியது. அதற்கு ஏற்ற ஆளும் கையில் இருந்தான். கேலெப் ஜான்சன், ஒஹாயோவின் ஹாமில்டன் ஊர்ப் பையன். 2024-ல் 1,537 யார்டு ஓடி 21 டச் டவுன் போட்டான். ஓட்டத்தில் ஒரே சீசனில் 21 என்பது இந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனை. அவன் இடப்பக்கம் சாய்ந்து வந்து, அரை நொடி தயங்கி, வெட்டித் திரும்பும் அந்தக் கணத்தில் முழு ஸ்டேடியமும் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் கேட்கும். டிக்கெட் காசில் பாதி அதற்கே சரியாகப் போய்விட்டது.

சீசன் டிக்கெட்காரன் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2024-ல் கின்னிக்கில் நடந்தது 7 ஆட்டம். இல்லினாய் ஸ்டேட்டுக்கு எதிராக 40, அயோவா ஸ்டேட்டுக்கு எதிராக 19, ட்ராயுக்கு 38, வாஷிங்டனுக்கு 40, நார்த்வெஸ்டர்னுக்கு 40, விஸ்கான்சினுக்கு 42, நெப்ராஸ்காவுக்கு 13. கூட்டினால் 232. முந்தைய வருஷம் உள்ளூர், வெளியூர் என்று 14 ஆட்டத்திலும் சேர்த்துப் போட்டது 216 என்பதை மறுபடி பாருங்கள். இதில் எதிரணி உதைத்த பன்ட்டைப் பிடித்துத் திருப்பி ஓடிப் போட்டவையும் உண்டுதான். 216-லும் அப்படி உண்டு. வெளியூர் ஆட்டங்களும் சேர்த்து 2024-ல் 360. பிரையன் தலையில் கட்டின 325-ஐ அவர் போன அடுத்த வருஷமே அணி தாண்டிவிட்டது.

விஸ்கான்சின் ஆட்டம் தனியாகச் சொல்ல வேண்டியது. நவம்பர் 2, இரவு ஆட்டம், 42-10. அந்த அணியோடு எங்களுக்கு என்றைக்கும் இழுபறிதான். முந்தைய வருஷம் 15-6. அன்று ஓட்டத்தில் மட்டும் 300 யார்டுக்கு மேல். விஸ்கான்சின்காரர் ஒருவர் சிவப்பு ஜாக்கெட்டோடு எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் கால் பகுதியில் எழுந்து, "இது நம்ம அயோவாதானா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இனி குறைகள். ஐந்தில் ஒன்றரை எங்கே போனது என்று சொல்ல வேண்டும் அல்லவா?

லெஸ்டரின் புது ஆட்டம் பாதிதான் வந்திருக்கிறது. ஓட்டம் வந்தது, பாஸ் வரவில்லை. 2024-ல் காற்றில் வீசி எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரி 130 யார்டுக்குச் சற்று மேல். நாட்டின் கடைசிப் படிகளில் ஒன்று. இந்த முறை ஓட்டத்தையும் பாஸையும் ஒரே மாதிரித் தொடங்குவதுதான் சூட்சுமம். ஐந்து பேரும் ஒரு பக்கம் சாய்வார்கள், பந்தைக் கொடுப்பது போல் குவாட்டர்பேக் கையை நீட்டுவார், கொடுக்காமல் மறு பக்கம் வளைந்து ஓடுவார். டைட் எண்ட் யாருக்கும் தெரியாமல் நழுவிப்போய் நிற்பார். கிட்டில், ஹாக்கன்சன், ஃபேன்ட், லபோர்ட்டா என்று தொழில்முறை லீகுக்கு வரிசையாக டைட் எண்ட்களை அனுப்பிய ஊர் இது. அந்த வித்தைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஆனால் வீசுகிறவர் சரியாக அமையவில்லை. மிச்சிகனிலிருந்து வந்த கேட் மெக்நமாரா காயத்திலிருந்து மீண்டு வந்தும் பழைய ஆளாக இல்லை. அக்டோபரில் நார்த்வெஸ்டர்ன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு வெளியேறினார். பிறகு பிரெண்டன் சல்லிவன், அவருக்கும் அடிபட்டபின் ஜாக்சன் ஸ்ட்ராட்டன். ஒரே சீசனில் மூன்று பேர்.

விளைவு என்னவென்றால், ஓட்டத்தை நிறுத்தத் தெரிந்த டிஃபென்ஸ் வந்தால் நாங்கள் பழைய அயோவாதான். யூசிஎல்ஏவிடம் 20-17 தோல்வி. மிச்சிகன் ஸ்டேட்டிடம் 32-20. கின்னிக்கிலேயே அயோவா ஸ்டேட்டிடம் 20-19: இடைவேளையில் 13-0 முன்னிலை, கடைசி ஆறு விநாடி இருக்கும்போது அவர்கள் 54 யார்டிலிருந்து உதைத்து ஜெயித்தார்கள். இரண்டாம் பாதியில் நடுநடுவே ஒரு பாஸ், வெறும் பன்னிரண்டு யார்டு பாஸ் கிடைத்திருந்தால் போதும். அந்த ஆட்டம் முடிந்து காரில் போகும்போது வீட்டில் ஒருவரும் பேசவில்லை. நெப்ராஸ்கா ஆட்டம் ஜெயித்ததுதான், 13-10, ட்ரூ ஸ்டீவன்ஸ் கடைசி நொடியில் 53 யார்டு உதைத்ததில். ஆனால் முதல் பாதி பார்த்தவர்கள் 2023 திரும்பி வந்துவிட்டதோ என்று பயந்தோம்.

இந்த 2025-ன் நம்பிக்கையின் பெயர் மார்க் க்ரோனாவ்ஸ்கி. எங்கிருந்து வருகிறார் தெரியுமா? சவுத் டகோட்டா ஸ்டேட். அதே 7-3 ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் குவாட்டர்பேக்காக ஆடி எங்கள் டிஃபென்ஸிடம் மாட்டிக்கொண்டு முழித்த பையன்தான். அதன் பிறகு அந்த அணியை 2022, 2023 இரண்டு சீசனிலும் அவர்கள் பிரிவின் தேசியப் பட்டத்துக்குக் கொண்டுபோனார். 2023-ல் அந்தப் பிரிவின் சிறந்த வீரருக்கான வால்டர் பேட்டன் விருது வாங்கினார். தொடக்க வீரராக 49 வெற்றி. ஓடவும் தெரிந்தவர், இடித்துக்கொண்டு ஓடுகிற வகை. லெஸ்டரின் ஏமாற்று ஓட்டத்தில் வளைந்து ஓடுகிற குவாட்டர்பேக்குக்கே கால் இருந்தால், டிஃபென்ஸ் இன்னும் ஓர் ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோள்பட்டை அறுவைசிகிச்சை செய்துகொண்டதால் வசந்தகாலப் பயிற்சியில் அவர் முழுதாக இறங்கவில்லை. ஆகவே நாங்கள் யாரும் அவரை எங்கள் கறுப்பு-மஞ்சள் சீருடையில் சரியாகப் பார்க்கவே இல்லை. பார்க்காத பையன்மேல் ஊரே இப்படி ஆசை வைப்பது எனக்கு லேசான நடுக்கத்தைத் தருகிறது. மெக்நமாரா வந்தபோதும் இதே பேச்சுதான். அவர் 2021 பிக் டென் இறுதிப் போட்டியில் எங்களை 42-3 என்று அடித்த மிச்சிகனின் குவாட்டர்பேக். எங்களை நொறுக்கியவரைக் கூட்டிவந்தோம், பலிக்கவில்லை. இப்போது எங்களிடம் தோற்றவரைக் கூட்டிவந்திருக்கிறோம். இதில் என்ன தர்க்கம் என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. "சரி, குளிருக்கு எனக்கும் ஒரு கையுறை வாங்குங்க" என்றாள். அதாவது அவளும் வருகிறாள்.

கேலெப் ஜான்சன் போய்விட்டார், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மூன்றாம் சுற்றில் எடுத்துக்கொண்டது. கமாரி மூல்ட்டன் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் முன்வரிசை பலமானது. நடுவில் லோகன் ஜோன்ஸ் இன்னொரு வருஷம் இருக்கிறார். பக்கத்தில் கென்னிங்ஸ் டங்கர், தலைமுடிக்காகவே தனி ரசிகர் கூட்டம் உள்ளவர். ஓட்டம் முற்றிலும் செத்துப்போகாது என்று நம்பலாம்.

எங்கள் முன் வரிசையில் ஓய்வுபெற்ற ஒரு மக்காச்சோள விவசாயி உட்காருவார். ஹேடன் ஃப்ரை காலத்திலிருந்து வருகிறவர். 1979 முதல் 1998 வரை பயிற்சியாளராக இருந்த ஃப்ரை தைரியமாகப் பந்தை வீசவைத்தவர். 1985-ல் சக் லாங் குவாட்டர்பேக்காக இருந்த அணி நாட்டின் முதல் இடத்தில் இருந்துகொண்டு, இரண்டாம் இடத்து மிச்சிகனை இங்கேயே 12-10 என்று கடைசி உதையில் ஜெயித்ததை இந்தப் பெரியவர் நேற்று நடந்தது போல் சொல்வார். அவரிடம் இந்த வருஷம் என்ன வேண்டும் என்று கேட்டேன். நாற்பது புள்ளி எல்லாம் வேண்டாமாம். மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 8 யார்டு போகவேண்டும் என்ற நிலையில், கழிப்பறைக்குப் போகலாமா என்று யோசிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. பின் வரிசை மாணவர்கள் ஆட்டத்துக்கு முப்பது பாஸ் கேட்கிறார்கள். அது இங்கே நடக்காது. ஃபெரன்ட்ஸ் இருக்கும்வரை நான்காவது வாய்ப்பில் பன்ட்தான் வரும், முன்னிலையில் இருந்தால் நேரத்தைக் கடத்தத்தான் செய்வார். 2025 சீசன் தொடங்கும் இந்த நேரத்தில், இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் பிக் டென் பயிற்சியாளர்களில் ஒஹாயோ ஸ்டேட்டின் பழைய பயிற்சியாளர் வுடி ஹேஸின் 205 வெற்றியைத் தாண்டிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரைப் போய் மாறச் சொன்னால் மாறுவாரா? மாறியவரை மாறினதே பெரிசு, மகனுடைய இடத்தில் வெளியாளைக் கொண்டுவந்து, அவர் போக்கில் விட்டிருக்கிறார்.

சரி, டிக்கெட்டின் மற்ற பக்கம். ஸ்டேடியம் 69,250 பேர் கொள்ளும். ஆஃபென்ஸ் படு மோசமாக இருந்த வருஷத்திலும் கூட்டம் குறையவில்லை. பெரும்பாலும் பெஞ்சு இருக்கைதான், ஆளுக்கு ஆள் ஒட்டித்தான் உட்கார வேண்டும். நவம்பரில் அது வசதியும்கூட. மடிப்பு மெத்தை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பை கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெல்ரோஸ் அவென்யூ வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியிலேயே கார் நிறுத்த இடம் கொடுத்துக் காசு வாங்குவார்கள். அந்தத் தெருவில் வாட்டி விற்கும் வான்கோழிக் காலை ஆளுக்கொன்று வாங்காதீர்கள். இரண்டு பேருக்கு ஒன்று தாராளம். சைவக்காரர்கள் வீட்டிலிருந்தே தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவது உத்தமம்.

எதிரணியின் உடைமாற்றும் அறை முழுக்க இளஞ்சிவப்பு. ஃப்ரை செய்த வேலை. அவர் உளவியல் படித்தவர், அந்த நிறம் எதிராளியின் முறுக்கைக் குறைக்கும் என்று நம்பினார். மின்னசோட்டாவோடு ஆடினால் ஜெயித்தவருக்கு வெண்கலப் பன்றி ஒன்று கிடைக்கும், 1935-ல் இரண்டு மாநில ஆளுநர்கள் கட்டிய பந்தயத்தின் மிச்சம். போன வருஷம் 31-14 என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

முதல் கால் பகுதி முடிந்ததும் ஒரு காரியம் நடக்கும். ஸ்டேடியத்துக்கு எதிரே பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை. மேல்மாடிக் கண்ணாடி வழியாகச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள் ஆட்டம் பார்ப்பார்கள். அத்தனை பேரும், எதிரணி வீரர்கள், நடுவர்கள் உட்பட, திரும்பி நின்று அவர்களுக்குக் கையசைப்பார்கள். 2017-ல் தொடங்கிய பழக்கம். இதற்கு நான் மதிப்பெண் போடவில்லை, இது விற்பனைக்கு உள்ள பொருள் இல்லை.

எந்த ஆட்டத்துக்கு வரலாம்? 2025-ல் உள்ளூரில் ஏழு: ஆகஸ்ட் 30 ஆல்பனி, செப்டம்பர் 13 யூமாஸ், 27 இந்தியானா, அக்டோபர் 18 பென் ஸ்டேட், 25 மின்னசோட்டா, நவம்பர் 8 ஓரிகன், 22 மிச்சிகன் ஸ்டேட். இந்தியானா, பென் ஸ்டேட், ஓரிகன் மூன்றும் போன வருஷம் 12 அணி தேசியப் பிளே-ஆஃபில் ஆடியவை. லெஸ்டரின் ஆட்டத்துக்கு நிஜமான பரீட்சை அந்த மூன்றும்தான். ஓட்டத்தை அடைக்கத் தெரிந்தவர்கள், க்ரோனாவ்ஸ்கி வீசியே ஆகவேண்டும். ஜெயிப்போம் என்று நான் சொல்லவில்லை. அங்கே மூன்றாவது வாய்ப்பில் 8 யார்டு எடுக்க முடிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் பட்ஜெட் என்றால் மின்னசோட்டாவுக்கு வாங்குங்கள்: பன்றியும் உண்டு, அக்டோபர் இலைநிறமும் உண்டு, குளிரும் தாங்கும். மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்துக்கு வந்தால் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள்.

குழந்தைகளோடு முதல் முறையாக வருகிறவர்களுக்கு ஆல்பனி ஆட்டம் சரிப்படும், வெயிலுக்குத் தொப்பி மட்டும் வேண்டும். அன்று இடைவேளையில் 6-0 என்று இருந்தாலும் எழுந்து போய்விடாதீர்கள். போன வருஷம் இல்லினாய் ஸ்டேட் ஆட்டம் அப்படித்தான் இருந்தது. "புதுசும் பழசு மாதிரிதான்" என்று முனகிக்கொண்டு எங்கள் வரிசையில் நாலு பேர் கார் எடுக்கக் கிளம்பினார்கள். அவர்கள் நெடுஞ்சாலை ஏறும் நேரத்தில் இங்கே 34 புள்ளி விழுந்தது.